எந்த இலை, எந்த எலி?

மார்கழி முடியும் தறுவாயில் முதுநிலை இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்புத் தேடி அலைவார்கள். நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் என் வீட்டு வாசலுக்கு ஆண்டுக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். இந்த முறை வந்தது செக்கானூரணிப் பக்கத்துப் பெண். கையில் ஒரு மஞ்சள் பை. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றோடு, சித்தப்பா வயல் வரப்பில் பறித்த கரிசலாங்கண்ணியும் அதில் இருந்தது.

"ஐயா, இரத்தசோகைக்கு இந்த நான்கில் எதை எடுக்கலாம்? சாறு எடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்."

"எந்த எலிக்கும்மா?"

"வெள்ளெலிக்குத்தான் ஐயா."

நான் கேட்டது நிறத்தை அல்ல, எலிக்கு எந்த வழியில் சோகை வரவைப்பது என்பதை. ஆனால் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதே இடத்தில் நானும் சறுக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர் எலிகளுக்கு ஃபினைல்ஹைட்ரசின் ஊசி போட்டு இரத்தத்தைக் குறைத்தார். பிறகு முருங்கையிலையின் எத்தனால் சாற்றைக் கொடுத்தார். ஹீமோகுளோபின் ஏறியது; கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்; பட்டமும் வந்தது. வெகு நாள் கழித்து அந்த ஏட்டை வேறு காரியத்துக்காகப் புரட்டியபோது அட்டவணையின் கடைசிப் பத்தி கண்ணில் பட்டது. மருந்தே கொடுக்காமல் விட்ட எலிகளும் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறி நின்றன. நாங்கள் ஏழாம் நாளின் வித்தியாசத்தைக் கொண்டாடிவிட்டு, இருபத்தோராம் நாளைப் பார்க்காமல் விட்டிருந்தோம்.

ஆகவே இலைகளை மேசை மேல் பரப்பி வைத்துவிட்டு, முதலில் எலியைப் பற்றிப் பேசினோம்.

ஃபினைல்ஹைட்ரசின் 1875-இல் எமில் ஃபிஷர் கண்டறிந்த பொருள். உடலுக்குள் போனதும் சிவப்பணுவின் உள்ளே ஆக்சிஜனேற்றச் சேதத்தை உண்டாக்குகிறது; ஹீமோகுளோபின் கெட்டு அணுவுக்குள் கட்டிகட்டியாகப் படிகிறது; மண்ணீரல் அந்த அணுக்களைப் பிடித்து அழிக்கிறது. இரண்டு நாள் ஊசியில் எலி வெளுத்துவிடும். மாணவர்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணமும் இதுதான்: மலிவு, வேகம், ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அழிந்த அணுக்களில் இருந்த இரும்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை, உடலுக்குள்ளேயே இருக்கிறது. எலும்பு மஜ்ஜை அதை எடுத்துப் புது அணுக்களைத் தானாகவே செய்துகொள்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் எலி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், இலைச்சாறு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு வருகிற சோகை பெரும்பாலும் இந்த வகை அல்ல. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதில் பெரும் பங்கு இரும்புச்சத்துக் குறைவால் வருவது. மாதவிலக்கில் இரத்தம் போகிறது, அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, குடலில் கொக்கிப்புழு, தட்டில் சோறும் குழம்பும் மட்டும். பி12, ஃபோலேட் ஆகிய வைட்டமின்களின் குறைவும் கூடச் சேர்ந்துகொள்வதுண்டு. ஃபினைல்ஹைட்ரசின் எலியின் வீட்டில் குடம் உடைந்திருக்கிறது. உசிலம்பட்டிப் பெண்ணின் வீட்டில் கிணறு வற்றியிருக்கிறது. குடத்துக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவரைக் கூட்டிவந்து கிணற்றடியில் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்?

எல்லா இலைச்சாறும் ஃபினைல்ஹைட்ரசின் சோதனையில் ஓரளவு தேறிவிடுவதற்கும் இதுதான் காரணம். கரும்பச்சை இலை எதுவானாலும் அதில் ஃபிளாவனாய்டுகளும் பிற பாலிஃபீனால்களும் இருக்கும். அவை ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கும். அதாவது நஞ்சின் வேகத்தைக் குறைக்கும். அதை "சோகை தீர்ந்தது" என்று எழுதிவிடுகிறோம். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சில மருந்துகளால் சிவப்பணு சிதைகிறதே, அத்தகைய நோயைப் பற்றிய கேள்விக்கு இந்த எலி பொருத்தமாக இருக்கும். முருங்கை இரும்பு தருகிறதா என்ற கேள்விக்குப் பொருந்தாது.

அடுத்த வழி, இரும்பு குறைந்த தீவனம். பால் மறந்த குட்டி எலிகளை எடுத்து, இரும்பு சேர்க்காத தீவனம் கொடுத்து மூன்று நான்கு வாரம் வளர்த்தால் மெய்யான இரும்புக்குறைச் சோகை வரும். பிறகு ஒரு குழுவுக்கு இலை, ஒரு குழுவுக்கு ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு, ஒரு குழுவுக்கு எதுவுமில்லை என்று பிரித்து, ஹீமோகுளோபின் எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கலாம். முறை சரியானது. ஆனால் தொல்லைகள் ஏராளம். கூண்டின் துத்தநாகப் பூச்சுக்குக் கீழிருந்து வருகிற துரு, குழாய்த் தண்ணீர், எலி தன் புழுக்கையைத் தானே தின்பது என்று எங்கிருந்தாவது இரும்பு உள்ளே வந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கூண்டும் அயனி நீக்கிய நீரும் வேண்டும். தீவனத்தைத் தனியாகச் செய்யச் சொல்லி வாங்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வர எத்தனை நாளாகும் என்பது அவரவர் ஜாதகம். ஒரு பருவத்தில் முடிகிற வேலை அல்ல.

இவ்வளவு பாடுபட்டாலும் எலி எலிதான். அது வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும், நம்மால் முடியாது. தாவர உணவின் இரும்பையும் அது நம்மைவிடத் தாராளமாக உறிஞ்சும். தேநீரோ எலுமிச்சையோ மனிதரிடம் உண்டாக்குகிற பெரிய ஏற்ற இறக்கம் எலியிடம் மங்கலாகத்தான் தெரியும். கீரையைப் பற்றிய கேள்வியில் பாதிக்கு மேல் இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றியதுதான் என்பதால், இதைச் சிறு குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. எலியிடமிருந்து இரத்தத்தை எடுத்தே சோகையாக்கும் முறையும் உண்டு. தீவனத்தில் இரும்பு தாராளமாக இருந்தால் அதுவும் தானே தேறிவிடும்.

மூன்றாவது, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வயிறு. 1981-இல் மில்லரும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட முறை இது. உணவை அரைத்து, பி.எச். 2 அளவுக்கு அமிலமாக்கி, பெப்சின் என்ற செரிமான நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும், அதுதான் இரைப்பை. பிறகு சோடியம் பைகார்பனேட் நிரப்பிய டயாலிசிஸ் பையை (நுண்ணிய பொருள்களை மட்டும் கடக்கவிடும் மெல்லிய சவ்வுப் பை) உள்ளே இறக்கினால் அமிலம் மெல்லத் தணியும். கணைய நொதியும் பித்த உப்பும் சேர்த்தால் சிறுகுடல் ஆகிவிடும். கடைசியில் பைக்குள் எவ்வளவு இரும்பு கடந்து வந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். உணவில் இருக்கும் இரும்பு வேறு, குடலுக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கும் இரும்பு வேறு என்பது இதில் பளிச்சென்று தெரியும். விலங்கு வேண்டாம், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். நொதிகளும் பையும் வாங்கினால் போதும்; இரும்பை அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானி இல்லாத கல்லூரி மாதிரியை வெளியே கொடுத்து அளந்து வாங்கலாம். இதனால் ஹீமோகுளோபின் ஏறுமா என்று சொல்ல முடியாது, உண்மைதான். எந்தத் தயாரிப்பு முந்தும், எது பிந்தும் என்று வரிசைப்படுத்தலாம். ஒரு பருவத்து ஆய்வுக்கு அது போதும்.

மனிதர்களிடம் சோதிப்பது நான்காவது. உணவாக உண்ணும் கீரைதானே, விடுதி மாணவிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். நெறிமுறைக் குழு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்பதிவு, மருத்துவர் ஒருவரின் மேற்பார்வை, சோகை கடுமையாக இருப்பவரைக் கண்டால் ஆய்விலிருந்து விலக்கி உடனே சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் காணாது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பார்க்க வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். மூன்று மாதமாவது நடத்தாமல் பேசக் கூடாது. இதை ஒரு முதுநிலை மாணவியின் தலையில் கட்டுவது அநியாயம்.

எலியா குடுவையா என்ற கேள்வி முடிந்ததும் அடுத்த கேள்வி, சாறா இலையா. என்னைப் பொறுத்தவரை இலையைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கனமான முடிவு இது. ஏனோ யாரும் இதற்கு ஐந்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை.

வழக்கம் என்ன? இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் எத்தனாலோ மெத்தனாலோ ஊற்றிக் காய்ச்சி, கரும்பச்சையான பிசினை எடுப்போம். சக்கையைக் குப்பையில் கொட்டுவோம். இலையின் இரும்பில் பெரும்பகுதி அந்தச் சக்கையில்தான் போகிறது. கனிமம் ஆல்கஹாலில் எளிதில் கரைந்து வராது. வருவது பச்சையமும் பாலிஃபீனாலும். சோகைக்கு மருந்து தேடப் புறப்பட்டு, இரும்பைக் கொட்டிவிட்டு, இரும்பைப் பிடித்துவைக்கும் பொருளைப் பத்திரமாகச் சேர்த்துக்கொள்கிறோம். இதைத் தினமும் கண்ணெதிரே பார்க்கிறோம் என்பதுதான் வேடிக்கை. டானின் என்ற பாலிஃபீனால் இருக்கிறதா என்று பார்க்க ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பை விடுகிறோம், சோதனைக் குழாய் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறுகிறது, "டானின்: உண்டு" என்று குறிக்கிறோம். அந்த நிறமே டானின் இரும்பைக் கட்டிப் பிடித்ததன் நிறம். சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் தேநீர் இரும்பைத் தடுக்கும் என்று சொல்கிறோமே, அதே நாடகம்தான் குழாய்க்குள்ளும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இன்னும் தெளியும். எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. சாறு என்பது ஏடுகளில் நாம் அடிக்கடி காணும் அளவு. 200 கிராம் எலிக்கு அது 80 மி.கி. சாறு. நூறு கிராம் சாற்றில் 20 மி.கி. இரும்பு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எலிக்குள் போவது 0.016 மி.கி. அதே எலி நாளுக்குப் பதினைந்து கிராம் தீவனம் தின்கிறது. எலிக்கு வேண்டிய அளவாகத் தீவனத்தில் கிலோவுக்கு 35 மி.கி. இரும்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் தீவனத்திலிருந்து மட்டும் அரை மில்லிகிராம் போகிறது. சாறு தருவது அதில் முப்பதில் ஒரு பங்கு. சாறு கொடுத்த எலி தேறினால், அது சாற்றின் இரும்பால் தேறவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மனிதருக்கு மாற்றிப் பார்த்தாலும் தலை சுற்றும். எலிக்குக் கிலோவுக்குக் கொடுத்த அளவை 6.2-ஆல் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு நிகரான அளவு தோராயமாக வரும். 50 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு மூன்று கிராமுக்கு மேல் சாறு. பத்து விழுக்காடு சாறு கிடைக்கிறது என்றால் முப்பது கிராமுக்கு மேல் உலர்ந்த இலை. பச்சையாக நூற்றைம்பது கிராமை ஒட்டி வரும். அதற்கு எத்தனால் எதற்கு? இரண்டு பிடி கீரையாகவே தாளித்துச் சாப்பிட்டுவிடலாம்.

தண்ணீரில் காய்ச்சிய கஷாயம் எத்தனாலைவிடக் கொஞ்சம் மேல். வீட்டில் வைக்கிற முருங்கைச் சூப்புக்கும் அதுவே நெருக்கம். ஆனாலும் சக்கையில் இரும்பு தங்கத்தான் செய்யும், வைட்டமின் சியும் கொதியில் குறையும். முழு இலைப்பொடி, சமைத்த கீரை இரண்டையும் தயாரிப்புகளாகச் சேர்த்துக்கொள்ளாத ஆய்வு எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

இனி அந்த மஞ்சள் பை. கறிவேப்பிலையில் நூறு கிராமுக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. முருங்கைக்கீரையில் சுமார் 4.5. எண்ணைப் பார்த்தால் கறிவேப்பிலைதான் வெல்லும். ஆனால் இலையோரம் ஒதுக்கிவைக்கப் பிறந்த அதை யார் நூறு கிராம் தின்கிறார்கள்? பொடியாக இட்லிக்குத் தொட்டுக்கொண்டாலும் சில கிராம்தான். பொன்னாங்கண்ணியில், கனிமங்களைக் கட்டிப் பிடிக்கும் ஆக்சலேட்டின் தொல்லை. கூடவே சந்தையில் விற்கும் சிவப்புச் சீமைப் பொன்னாங்கண்ணி வேறு செடி என்பதால் அடையாளக் குழப்பம். கரிசலாங்கண்ணியிலும் வெள்ளைப் பூ ஒன்று, மஞ்சள் பூ ஒன்று. இரண்டும் வெவ்வேறு செடிகள். சோழவந்தான் வரப்புகளில் கையாந்தகரை என்று பறித்துத் தருவது பெரும்பாலும் வெள்ளைதான். எது என்று தாவரவியலார் உறுதிசெய்யாமல் தொடக் கூடாது.

கரிசாலை என்கிற கரிசலாங்கண்ணிக்கு நம் வைத்தியத்தில் இருக்கும் பெருமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பாண்டு என்று சித்தர்கள் சொன்ன வெளுப்பு நோய்க்கும் காமாலைக்கும் அது பேர்போனது. ஆனால் வைத்தியர் கரிசாலையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அயபிருங்கராஜ கற்பம் என்ற மருந்தின் பெயரிலேயே இரும்பும் (அயம்) கரிசாலையும் (பிருங்கராஜம்) சேர்ந்திருக்கின்றன. அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி, வேதியியல் கண்ணால் பார்த்தால் ஃபெரஸ் சல்ஃபேட்தான். அதை எலுமிச்சைச் சாறு விட்டு அரைப்பார்கள். கீழமாசி வீதியின் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதியும், சுகாதார நிலையம் தரும் இரும்பு மாத்திரையும் ஒரே உப்பு வழி வந்த பங்காளிகள். இலை துணைக்கு நின்றது. இரும்பை இரும்புதான் கொண்டுவந்தது. அந்தக் கூட்டைச் சோதிப்பதாக இருந்தால் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில், மருந்தின் தரம் அறிந்தவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். நாமே அரைத்துப் பார்க்கிற விஷயமல்ல.

மிஞ்சியது முருங்கை. தேனி மாவட்டம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.-1 இரகம் ஒரே சீராகக் கிடைக்கிறது, அடையாளச் சிக்கல் இல்லை, ஊரே தின்கிறது. பச்சையிலையில் வைட்டமின் சி நூறு மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. ஆய்வுக்குப் பொருத்தம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். முருங்கை அமுதம் என்ற கட்சியில் நான் இல்லை. 100 கிராம் கீரையின் 4.5 மி.கி. இரும்பில் எட்டு விழுக்காடு உறிஞ்சப்பட்டால் கிடைப்பது 0.36 மி.கி. 60 மி.கி. இரும்பு மாத்திரையில் பத்து விழுக்காடு உறிஞ்சப்பட்டாலே ஆறு மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை வயது வந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மி.கி. உணவிரும்பு கேட்கிறது. கீரை அந்தக் கணக்கில் ஒரு பங்கு தரும், வற்றியதைத் தானே நிரப்பிவிடாது. அந்தப் பெண்ணின் அத்தை ஒருவர் வயிறு குமட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு முருங்கைச் சூப்பில் இருக்கிறாராம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல் என்றேன். தினமும் விழுங்கும்போது ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த வேளை இரும்பைத் தடுப்பது தெரிந்த பிறகு இப்படிக் கொடுப்பதும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

"அப்படியானால் நான் என்னதான் செய்யட்டும் ஐயா?"

முருங்கை ஒன்று, தயாரிப்பு ஐந்து என்று காகிதத்தில் எழுதினோம். எத்தனால் சாறு, கஷாயம், கீரைப் பொரியல், அதே பொரியலில் எலுமிச்சை பிழிந்தது, கேழ்வரகு மாவில் முருங்கை போட்ட அடை. கடைசியில் இருப்பதைத்தான் நான் ஆவலோடு பார்க்கிறேன். சோகைக்குக் கேழ்வரகு முருங்கை அடை என்று சொல்லாத பாட்டி இல்லை. ஆனால் கேழ்வரகின் கால்சியம், ஃபைட்டேட், டானின் மூன்றுமே இரும்பைத் தடுக்கக்கூடியவை. ஐந்தையும் குடுவை வயிற்றில் செரிக்கவைத்து, ஃபெரஸ் சல்ஃபேட்டோடு ஒப்பிட வேண்டும்.

"எலி இல்லாவிட்டால் மதிப்பெண் குறையுமா ஐயா?"

"குறையலாம்மா. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இலையை எப்போது பறிக்கட்டும் என்றாள். முதல் வாரம் இலையே வேண்டாம் என்றேன். மேலூர் ரோட்டோரத்துச் செம்மண் தூசி, மிக்சியின் பிளேடு, இரும்புத் தோசைக்கல், கழுவாத குடுவை எல்லாமே இரும்பு தரும். குடுவைகளை நீர்த்த அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவி, இலை எதுவும் போடாமல் வெறும் காய்ச்சி வடித்த நீரை மட்டும் அதே குடுவைச் செரிமானத்துக்கு உட்படுத்தி, பைக்குள் இரும்பு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். காட்டினால் மறுபடி கழுவ வேண்டும்.